வேரடி மண்ணோடு

ஒருவரை அடியோடு அழித்துவிட வேண்டும் என்று சினம் கொள்கிறவர், "வேரோடும் வேரடி மண்ணோடும் பிடுங்கி எறிவேன்" என்று சூளுரைப்பதை நாம் கேட்டிருக்கிறோம். தமிழில் இதைவிடக் கடுமையான சொல் உண்டா என்பது ஐயமே. ஆனால் இந்த ஆண்டு தை மாதத்தில், டில்லிக் குளிரில், கையில் மண்வெட்டியோடு நின்றபோது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. செடியை வேரோடு மட்டும் பிடுங்கினால் அது சாகும். வேரடி மண்ணோடு பெயர்த்தால் அது பிழைக்கும். அழிப்பதற்கு நாம் சொல்லும் சொல்லே தோட்டக்காரருக்கு வாழ்விக்கும் வழியாக இருக்கிறது!

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று நண்பர்கள் கேட்கலாம். நம் விடுதிச் சமையற்கூடத்துக்குப் பின்னால் உள்ள திடலில் வரும் மார்ச்சு மாதம் கட்டட வேலை தொடங்கவிருக்கிறது. அங்குள்ள செடிகளை வேண்டுவோர் பிப்ரவரி முடிவதற்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அத்திடலில் ஒரு முசுக்கட்டைக் கன்று, இரண்டு மாதுளைக் கன்றுகள், ஒரு பீச்சு, சில ரோசாச் செடிகள் இருந்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக, நாம் அனைவரும் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் கூடிச் சமைக்கும் சாம்பாருக்கு மணம் தந்தது அந்த மரந்தான். நமக்கு முன்பு இங்கே பயின்ற தமிழ் மாணவர் ஒருவர் பால்மாவு டப்பாவில் மண் இட்டு, சிறு கன்றாக, சென்னையிலிருந்து இரயிலில் கொண்டுவந்து வைத்தது என்று மூத்த மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் பெயர் இன்று எவருக்கும் தெரியவில்லை. மரம் மட்டும் இருக்கிறது. அதுவும் இன்னும் சில நாள்தான்.

நான் தாவரவியல் முதுகலை மாணவன். செடியைப் பற்றித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். ஆயினும் செடியைப் பெயர்த்து நடும் கலையை நூல்களிலிருந்து மட்டும் நான் கற்கவில்லை. ஒரு செடியைக் கொன்று கற்றேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கொன்ற மாதுளை

2025-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில், விடுதி வாயிலருகே வெறுமையாக இருந்த ஓரிடத்தைப் பார்த்து, அங்கே ஒரு மாதுளை இருந்தால் அழகாக இருக்குமே என்று எண்ணினேன். பின்புறத் திடலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கன்று தளதளவென்று புதுத்துளிர் விட்டு நின்றது. இவ்வளவு செழிப்பாக இருக்கிறதே, எங்கே வைத்தாலும் வளரும் என்பது என் கணக்கு. நண்பகலில் மண்வெட்டியால் நான்கு வெட்டு வெட்டினேன். மண் உதிர்ந்தது. வேரை நீரில் அலசித் தூய்மையாக்கிக் குழியில் இட்டேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன்.

மாலைக்குள் துளிர்கள் தலை சாய்ந்தன. மூன்றாம் நாள் இலைகள் சுருண்டன. ஒரு வாரத்தில் கையால் ஒடித்தால் முறியும் சுள்ளியாயிற்று.

நம் விடுதித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் முதியவரை நீங்கள் அறிவீர்கள். இங்கே தோட்டக்காரரை 'மாலி' என்பார்கள். நாங்கள் அவரை மாலிஜி என்றழைப்போம். அவர் அந்தச் சுள்ளியைப் பார்த்தார்; என்னையும் பார்த்தார். கடிந்துகொள்ளவில்லை.

"பேட்டா, தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வேறு கட்டிலில் கிடத்தினால் அது அழுவதில்லை. விளையாடுகிற குழந்தையைத் தூக்கினால் வீடே அதிரும். நீ விளையாடுகிற குழந்தையைத் தூக்கிவிட்டாய்" என்றார்.

அவர் இந்தியில் சொன்ன இந்த மூன்று வாக்கியங்களில், நான் படித்த பாடத்தின் பெரும்பகுதி அடங்கியிருந்தது. அதை இனி விளக்குகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத வேர்

வேர் என்றதும் விரல் பருமனுள்ள பழுப்பு வேர்தான் நம் நினைவுக்கு வரும். அது செடியைத் தாங்கும்; உணவைச் சேர்த்து வைக்கும். ஆனால் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் வேலையில் அதன் பங்கு சிறிது. அவ்வேலையைப் பெரிதும் செய்பவை நுனியில் உள்ள மெல்லிய சல்லி வேர்களும், அவற்றின் மேல் பஞ்சுபோல் படர்ந்துள்ள வேர்த்தூவிகளுமே. ஒவ்வொரு தூவியும் ஒரே உயிரணுவின் நீட்சி. மண் துகள்களுக்கு இடையே நுழைந்து, அவற்றை ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இவை எத்தனை இருக்கும்? 1937-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாவரவியலார் ஓவர்டு டிட்மர், மரப்பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை என்னும் தானியச் செடியின் வேர்களை அளந்து வெளியிட்டார். அவ்வேர்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 623 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நெல்லை செல்லும் சாலையின் நீளத்துக்கு ஏறக்குறைய ஒப்பாகும்! தூவிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,400 கோடி. ஒரு புல்லுக்கு இவ்வளவு என்றால், மாதுளைக் கன்றைப் பிடுங்கி வேரை அலசிய நான் எத்தனை கோடி வாய்களை அடைத்திருப்பேன் என்று எண்ணிப் பாருங்கள். வேர் தூய்மையாயிற்று என்று நான் மகிழ்ந்தேன். உண்மையில் அது நாவற்றுப் போயிற்று.

வேரடி மண்ணில் இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான செடிகளின் வேர்களோடு நுண்ணிய பூஞ்சை இழைகள் கூடி வாழ்கின்றன. இக்கூட்டு வாழ்வுக்கு 1885-இல் செருமானிய அறிஞர் பிராங்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். வேர் எட்டாத இடுக்குகளிலிருந்து இந்த இழைகள் நீரையும் பாசுவரம் போன்ற சத்துகளையும் கொண்டுவந்து தருகின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. மண்ணை உதறிவிட்டால் இந்தப் பழைய உறவும் அறுந்துபோகும். வேரடி மண் வெறும் மண் அன்று. அது செடியின் சுற்றம்.

வரவும் செலவும்

இனிச் செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இலைத்துளைகளின் வழியே ஆவியாகிப் போகிறது. இங்கிலாந்து நாட்டுப் பாதிரியார் சுடீபன் ஏல்சு, சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு நாள்தோறும் நிறுத்துப் பார்த்து இந்த நீர்ப்போக்கை அளந்தார். 1727-இல் நூலாக வெளியிட்டார். ஒரு தராசை வைத்துக்கொண்டு அவர் கண்டது இன்றும் நம் பாடத்தின் அடிப்படையாக இருக்கிறது.

வரவு குறைந்தால் செலவைக் குறைக்க வேண்டும் என்பது இல்லறத்தாரின் சிக்கனம். செடியும் அதையே செய்கிறது. வேர் வறண்டால் அப்சிசிக் அமிலம் என்னும் இயக்குநீர் சுரந்து இலைத்துளைகளை மூடச் செய்கிறது. ஆனால் இளந்துளிர்கள் இன்னும் முற்றாதவை. அவற்றால் நீரைக் காத்துக்கொள்ள முடிவதில்லை. மார்ச்சு வெயிலில், வேர் அறுந்த நிலையில், துளிர் நிறைந்த மாதுளைக்கு வரவு இல்லை. செலவு மட்டும் உண்டு. தண்டினுள் நீர் செல்லும் நுண்குழாய்களில் நீர்த்தொடர் அறுந்து காற்றுக் குமிழி புகுந்தது. அதன்பின் குடம் குடமாக ஊற்றியும் பயனில்லை.

நம் ஊர் நெல் நாற்றைப் பறித்து, வேரை அலசி, முடி கட்டி, அடுத்த வயலில் நடுகிறார்களே, அது மட்டும் எப்படிப் பிழைக்கிறது என்று தஞ்சை வட்டாரத்து நண்பர்கள் கேட்பார்கள். நானும் மன்னார்குடிப் பக்கத்தவன்தான்; இதே கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டேன். நெல் நடப்படும் வயலில் நீர் நிற்கிறது. வேருக்கு வறட்சியே இல்லை. நாற்றும் மூன்று நான்கு வாரக் குழந்தை. மேலும், நெல்லின் பழைய வேர் போனாலும் அடிக்கணுக்களிலிருந்து புதுவேர் விரைவில் புறப்படும். அப்படியும் நட்ட பயிர் சில நாள் வெளிறி நின்று, பிறகே பச்சை திரும்புகிறது. மாதுளைக்கும் பீச்சுக்கும் இந்தச் சலுகைகள் இல்லை.

உறக்கமே உற்ற காலம்

நம் நாட்டில் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்போம். பட்டம் என்பது மழையை ஒட்டியது. நமக்கு உழவின் கடிகாரம் மழை. டில்லியிலோ குளிரும் ஒரு கடிகாரம். சனவரியில் இங்கே இரவு வெப்பம் சராசரி 7 அல்லது 8 பாகை செல்சியசு அளவுக்கு இறங்கும். முசுக்கட்டை, மாதுளை, பீச்சு, திராட்சை, அத்தி போன்றவை இலைகளை உதிர்த்துவிட்டு உறங்கும். இலை இல்லையேல் நீர்ச்செலவு மிகமிகக் குறைவு. அப்போது வேர் சிறிது அறுந்தாலும் செடி தாங்கிக்கொள்ளும். குளிர்நாடுகளைப் போல் டில்லி மண் உறைந்து கல்லாவதில்லை. ஆகவே பிப்ரவரியில் வெயில் சற்று ஏறியதும், தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த உணவைக் கொண்டு செடி புதுச் சல்லி வேர்களை விடத் தொடங்கும். இலை விரிந்து தண்ணீர் கேட்கும்போது, கொடுக்க வேர் ஆயத்தமாக இருக்கும். வேனிலுக்கு முன்பே நட வேண்டும் என்பதன் பொருள் இதுதான்.

டில்லியின் வசந்தமோ குறுகியது. மார்ச்சில் பகல் வெப்பம் 30 பாகையை எட்டும். மே மாதத்தில் 40 ஆகும். 'லூ' என்னும் அனற்காற்று வீசும். மழை வருவது சூன் இறுதியில். பிப்ரவரியில் நட்ட கன்றுக்கு, அந்த அனலுக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மாதமேனும் கிடைக்கும். மார்ச்சு இறுதியில் நட்டதற்கு அது கிடைக்காது.

ஆயின் எல்லாச் செடிகளுக்கும் ஒரே நாள் பொருந்தாது. இலையுதிர்ப்பனவற்றை மொட்டுப் பருப்பதற்கு முன்பே, சனவரியிலேயே பெயர்ப்பது நன்று. பீச்சு எல்லாவற்றுக்கும் முந்திக் கண் விழிக்கும். அதைப் பொங்கலை ஒட்டி எடுத்துவிட வேண்டும். மாதுளையும் முசுக்கட்டையும் இன்னும் சில வாரம் பொறுக்கும். என்றும் பசுமையான எலுமிச்சை, கொய்யா போன்றவை முழு உறக்கம் கொள்வதில்லை. கடுங்குளிரில் அவற்றின் வேர் வேலை செய்யாது. அவற்றுக்குக் குளிர் நீங்கும் பிப்ரவரி இறுதியும் மார்ச்சுத் தொடக்கமும் ஏற்ற காலம், அல்லது மழைக்காலம். கறிவேப்பிலை இங்கே இரண்டுக்கும் இடைப்பட்டது. குளிரில் இலை மஞ்சளாகிப் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். குளிர் குறைந்ததும் மீண்டும் துளிர்க்கும்.

பெயர்க்கும் முறை

2026 சனவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை. மாலிஜி முன்னிற்க, நானும் விடுதி நண்பர் இருவரும் முசுக்கட்டையையும் இரண்டு மாதுளையையும் பீச்சையும் பெயர்த்தோம். செய்த முறையை வரிசையாகத் தருகிறேன். எங்கேனும் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் புதுக்குழி, பிறகே பழைய குழி. கன்றைத் தோண்டி வைத்துவிட்டு இடம் தேடக் கூடாது. புதுக்குழியின் அகலம் வேர்மண் கட்டியைப் போல் இருமடங்கு இருக்கலாம். ஆழமோ கட்டியின் உயரத்துக்கு மேல் கூடாது. அடியில் மண் இளகியிருந்தால் கன்று பின்னர் அமிழ்ந்துவிடும்.

முந்திய நாள் செடியின் அடியில் நீர் பாய்ச்ச வேண்டும். உலர்ந்த மண் உதிரும். சேறான மண் வழுக்கும். பிடித்தால் கொழுக்கட்டை போல் நிற்கும் பதமே வேண்டும்.

கட்டியின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. தண்டின் பருமனைப் போல் பத்து அல்லது பன்னிரண்டு மடங்கு அகலம் வேண்டும். தண்டு 2 சென்டிமீட்டர் என்றால் கட்டி 20 முதல் 24 சென்டிமீட்டர். அந்த அளவில் வட்டம் கீறி, கூரிய மண்வெட்டியால் நேராக வெட்டி, பிறகு அடியில் சரித்து அறுக்க வேண்டும். நைந்த வேரைவிட நறுக்கென்று வெட்டுண்ட வேர் விரைவில் ஆறும்.

தூக்கும்போது கையால் பிடிக்க வேண்டியது கட்டியையே, தண்டை அன்று. தண்டைப் பிடித்துத் தூக்கினால் கட்டியின் எடையே வேரை அறுத்துவிடும். நனைந்த சாக்கில் கட்டியைச் சுற்றி, நால்வர் நான்கு முனையைப் பிடித்தோம். புறப்படுமுன் மாலிஜி ஒவ்வொரு கன்றிலும் தெற்குப் பக்கக் கிளையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். புது இடத்திலும் அதே பக்கம் தெற்கே இருக்கும்படி நட்டார். வெயிலுக்குப் பழகிய பட்டை வெயிலைப் பார்க்கட்டும் என்றார்.

நடும்போது வேரும் தண்டும் கூடும் கழுத்துப் பகுதி முன்பிருந்த மட்டத்திலேயே இருக்க வேண்டும். ஆழப் புதைத்தால் உறுதியாக நிற்கும் என்று நினைப்பது பிழை. வேருக்கும் மூச்சு உண்டு. ஆழத்தில் காற்று குறைவு. தோண்டி எடுத்த அதே மண்ணைக் குழியில் இட்டுக் காலால் மெல்ல மிதித்தோம். நன்கு மக்கிய தொழு உரத்தை மேலாகத் தூவினோம். பச்சைச் சாணமும் யூரியாவும் புண்பட்ட வேரைச் சுடும்; புது இலை வரும்வரை அவை வேண்டா.

கிளைகளை வெட்டலாமா என்பதில் இருவேறு கருத்து உண்டு. வேரை இழந்த செடிக்குக் கிளைப்பாரமும் குறைய வேண்டும் என்று பழைய தோட்டக்காரர்கள் பாதியை வெட்டிவிடுவார்கள். ஆனால் கிளை நுனிகளிலும் இளந்துளிர்களிலும் ஆக்சின் என்னும் இயக்குநீர் உண்டாகிக் கீழே இறங்கி, புதுவேரைத் தூண்டுகிறது. இதைப் பிரித்தறியும் வழியை 1928-இல் வெளியிட்டவர் நெதர்லாந்து அறிஞர் வென்ட்டு. தலையை முழுதும் வெட்டினால் வேருக்கு வரும் செய்தி குறையும். ஆகவே ஒடிந்ததையும் நெருக்கியதையும் மட்டும் வெட்டி, நுனி அரும்புகளை விட்டுவைத்தோம்.

உடனே ஒரு முறை தாராளமாக நீர் ஊற்றினோம். அது குடிப்பதற்காக மட்டும் அன்று; மண்ணுக்கும் வேருக்கும் இடையே உள்ள காற்றறைகள் மூடி, இரண்டும் ஒட்டுவதற்காக. அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோது, கன்று நட்டதை அப்பாயியிடம் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "மூணாம் நாள் உயிர்த்தண்ணி விடணும், மறந்துடாதே தம்பி." நட்ட மூன்றாம் நாள் விடும் நீருக்கு நம் உழவர் இட்ட பெயர் உயிர்த்தண்ணீர்! அதற்குப் பொருத்தமான சொல்லை நான் படித்த எந்த ஆங்கிலப் பாடநூலிலும் கண்டதில்லை. சனவரி 13 அன்று மாலை அதை விட்டேன். அதன்பின் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர். குளிரில் அது வாரம் ஒரு முறைக்கு மேல் தேவைப்படவில்லை. சருகால் மூடாக்கு இட்டோம். தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி இட்டோம்.

இதை எழுதும் பிப்ரவரி 8 அன்று காலை சென்று பார்த்தேன். பீச்சின் அரும்புகள் பருத்து இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கிறது. முசுக்கட்டையின் மொட்டுகள் பச்சை காட்டுகின்றன. மாதுளைகள் இன்னும் உறங்குகின்றன. நகத்தால் பட்டையைச் சிறிது கீறினேன். உள்ளே பசுமை இருந்தது. ஓராண்டாக மனத்தில் கிடந்த ஒரு சுள்ளி அன்று சற்று எடை குறைந்தது.

தாயும் கன்றுகளும்

இனிக் கறிவேப்பிலைக்கு வருகிறேன். தாய்மரத்தைப் பெயர்க்க முடியுமா என்பதே எங்கள் முதற்கேள்வி. இரண்டு ஆள் உயரம். தொடை பருமன் அடிமரம். மேற்சொன்ன கணக்குப்படி அதன் வேர்மண் கட்டி இரண்டு மீட்டர் அகலமாவது வேண்டும். அதன் எடையைத் தூக்கப் பொறி வேண்டும். அது நம்மிடம் இல்லை. அப்படியே பெயர்த்தாலும் இத்தனை வயதான மரம் இழந்த வேரை மீட்கப் பல ஆண்டு ஆகும். "பெரியதை விட்டுவிடு பேட்டா, சின்னதைப் பார்" என்றார் மாலிஜி. இளங்கன்றின் சிறப்பு இதில்தான் இருக்கிறது. அதன் வேர்ப்பரப்பு சிறியது. அதில் பெரும்பகுதியை நம்மால் உடன் எடுத்துச் செல்ல முடியும்.

கறிவேப்பிலை தன் வேரிலிருந்தே கன்று விடும் இயல்புடையது. தாய்மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் மூன்று கன்றுகள் நிற்கின்றன. அவற்றுக்குச் சொந்த வேர் குறைவு. தாயின் வேரிலிருந்தே நீர் குடித்து வந்தவை. நேரே பிடுங்கியிருந்தால் ஒன்றும் மிஞ்சியிராது. ஆகவே சனவரி 18 அன்று ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை நேராக இறக்கி, தாயோடு இணைத்த வேரை அறுத்தோம். ஆனால் கன்றை அசைக்கவில்லை. அதே இடத்தில், அதே மண்ணில், தன் காலில் நிற்கப் பழகட்டும் என்று விட்டுவிட்டோம். வெட்டுவாயருகே புதுச் சல்லி வேர்கள் தோன்றும். பின்னர் கட்டியோடு எடுக்கும்போது அவை உள்ளேயே இருக்கும்.

குளிரில் கறிவேப்பிலையின் வேர் மெதுவாகவே வளரும். "ஓலி முடியும்வரை பொறுத்தால் நல்லது" என்கிறார் மாலிஜி. இவ்வாண்டு ஓலி மார்ச்சு 4-இல் வருகிறது. அதற்குள் திடலில் பள்ளம் தோண்டத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே கிடைக்கும் நாள்களில் இயன்றவரை பிந்திய நாளாகப் பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்திருக்கிறோம். அறுத்த நாளிலிருந்து ஐந்து வாரம் ஆகியிருக்கும். மூன்றும் பிழைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். இரண்டு தேறினாலும் நன்று. ஒன்று தேறினாலும் மரம் அழியவில்லை என்றே பொருள்.

நடவிருக்கும் இடம் உணவுக்கூடத்தின் தெற்குச் சுவரோரம். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைச் சுவர் தடுக்கும். குளிர்கால வெயில் நேரே கிடைக்கும். ஆனால் மே மாதத்தில் அதே சுவர் அடுப்பாகும். அப்போது நான்கு கழி நட்டுச் சாக்கு விரித்து நிழல் தர வேண்டும். கோடை விடுமுறையில் நாம் ஊருக்குப் போய்விடுவோம். இங்கே தங்கும் ஆய்வு மாணவர்கள் சிலர் முறை வைத்து நீர் விட முன்வந்தால்தான் நட்டதில் பயன் உண்டு. நடுவது ஒரு நாள் வேலை. காப்பது ஓராண்டு வேலை.

சுற்றிச் சுழலும் வேர்

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வேரடி மண்ணின் பெருமையை இவ்வளவு நேரம் பேசினேன். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எங்கள் மாடத்தில் நெடுங்காலம் சிறு தொட்டியில் இருந்த ஒரு செம்பருத்தியைச் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நிலத்தில் நட்டோம். மண் கட்டி உடையவே இல்லை. எவ்வளவு நேர்த்தி என்று மகிழ்ந்தேன். ஆனால் அது வளரவில்லை. அக்டோபரில் தோண்டிப் பார்த்தபோது, வேர்கள் தொட்டியின் வடிவிலேயே சுற்றிச் சுற்றிப் பந்துபோல் இருந்தன. ஒரு வேர்கூடப் புதுமண்ணுக்குள் நுழையவில்லை. பக்கத்தில் நல்ல மண் இருந்தும், இல்லாத தொட்டிக்குள்ளேயே அது வாழ்ந்துகொண்டிருந்தது. மாலிஜி கத்தியால் பக்கவாட்டில் நான்கு கீறல் கீறி, வேர்களை விரலால் விரித்து மீண்டும் நட்டார். இப்போது அது உயிரோடு இருக்கிறது.

அன்றிரவு நான் என்னைப் பற்றி எண்ணிப் பார்த்தேன். இருபத்தொரு வயதில் இங்கு வந்தேன். முதல் ஆண்டு முழுவதும் தமிழ் நண்பர்களோடு மட்டுமே உண்டேன், உலவினேன், பேசினேன். அந்த மண் இல்லாவிடில் நான் வாடியிருப்பேன் என்பது உண்மை. நம் மன்றம் பலருக்கு வேரடி மண்ணாக இருக்கிறது, இருக்க வேண்டும். ஆனால் நான்கு சொல் இந்தி கற்று மாலிஜியோடு பேசத் தொடங்கிய நாளில்தான் என் வேர் ஒன்று இந்த ஊர் மண்ணைத் தொட்டது. அந்த ஒரு வேர் இல்லாதிருந்தால், பெயர் தெரியாத நம் முன்னவர் கொண்டுவந்த கறிவேப்பிலையைக் காக்கும் வழி எனக்குத் தெரிந்திராது.

ஆகவே நண்பர்களே, பிப்ரவரி 22 அன்று மாலை நான்கு மணிக்குச் சமையற்கூடத்தின் பின்புறம் வாருங்கள். வெயில் தாழ்ந்த நேரம் நடவுக்கு நல்லது. மண்வெட்டி மூன்று இருக்கிறது. பழைய சாக்கு இருப்பவர் கொண்டுவாருங்கள். நம் மன்றத்தைச் சேராத விடுதி நண்பர்களையும் அழைத்து வாருங்கள். அவர்களும் நம் சாம்பாரை உண்டவர்களே. 24-ஆம் நாள் மாலை உயிர்த்தண்ணீர் விட ஒருவர் வேண்டும். அன்று எனக்கு ஆய்வகத் தேர்வு.